ரப்பர் இல்லாத காலம்

அந்த இரண்டு வார்த்தையை ஒலிப்பதிவாளர் ஐந்தாவது முறையாக ஓடவிட்டார்.

"வழுக்குது சார்!"

பிறகு இரும்பு படும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

திரையில் மூன்றாவது வீரன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சேற்றில் சரிந்தான். கேமராவுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. உதடு தெரியவில்லை.

"அந்தக் குரல்ல என்ன ஒரு உயிர் பாருங்க," என்றார் இயக்குநர். "எந்த டப்பிங்லயும் இது வராது. இதையே வெச்சுக்கலாம். அந்த 'சார்' மட்டும் போகணும்."

அதை எடுத்துவிட்டு அங்கே எதை வைப்பது என்று கேட்கத்தான் என்னை வரவழைத்திருந்தார்கள். நான் இந்தப் படத்தின் சரித்திர ஆலோசகன். மற்ற நாளில் கல்லூரியில் சரித்திரம் எடுப்பவன்.

சரித்திரப் படம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய போர்வீரனின் புஜத்தில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். தோலுறையிலிருந்து வாளை உருவினால் 'ஷிங்' என்று சத்தம் வரும். தோலில் உரசினால் இரும்பு எங்கே பாடும்?

இந்தப் படத்தில் அந்தப் பருப்பு வேகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். தழும்புகளுக்கு மேக்கப் போட்டு மறைக்க வைத்தேன். அலுமினியக் கத்திகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, முனை மழுக்கிய இரும்பு வாள் செய்ய வைத்தேன். கதையில் அது மழைக்காலத்துப் போர். ஆகவே களம் சேறாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். லாரி லாரியாகத் தண்ணீர் அடித்தார்கள்.

சண்டை நடிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காலத்துச் செருப்பைக் கொடுத்தாலும் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். யாரிடமும் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது வீரரும் ஒட்டியிருந்தார். இருபத்திரண்டு வருடமாகப் படங்களில் செத்துக்கொண்டிருப்பவர். யூனிட்டில் எல்லாரும் அவரைப் 'பிணம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அன்று காலை எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, குதிரைக்கு லாடம் பார்ப்பதுபோல் ஒவ்வொரு காலையும் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். அவர் செருப்பின் அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"ரப்பர் எந்த நூற்றாண்டுல வந்துச்சுன்னு தெரியுமா?" என்று சபையில் வைத்துக் கேட்டேன்.

"தெரியாதுங்க சார்," என்றார். குனிந்து அவரே பிய்த்துப் போட்டார்.

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிற்பகலில் அந்த ஷாட். கதாநாயகனின் வாள் அவருக்கு ஒரு சாண் முன்னால் காற்றில் போக வேண்டியது. கால் சறுக்கி அவர் முன்னால் போய் விழுந்தார். மழுங்கிய வாள்தான், தோல்கூடக் கிழியவில்லை. குரல்வளை நசுங்கிப்போயிற்று.

ஆள் பிழைத்துக்கொண்டார். பேச்சு இனி வராது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

யூனிட்டிலிருந்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது என்னையும் கூப்பிட்டார்கள். வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஆக, அவர் கடைசியாகப் பேசியது இந்த இரண்டு வார்த்தைதான். அதிலும் பாதியை இப்போது அழிக்கப் போகிறோம்.

திரை அப்படியே நின்றிருந்தது. விழுந்து கிடந்தவரின் செருப்பு அடி பெரிதாகத் தெரிந்தது. சுத்தமான தோல். யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

"என்னையத்தான் கூப்பிட்டிருக்காரு, பாவம்," என்றார் இயக்குநர். "நான் அங்க மானிட்டர்கிட்ட இருக்கேன். அவ்வளவு தூரத்துக்குக் கத்தியிருக்காரு."

நான் விழுந்தவருக்கு நாலடி தூரத்தில், தலைக்கவசம் நேராக இருக்கிறதா என்று பார்த்தபடி நின்றிருந்தேன். அதை இயக்குநரிடம் சொல்லவில்லை.

"சொல்லுங்க சார். அந்தக் காலத்துல பக்கத்துல நிக்கிறவன எப்படிக் கூப்பிடுவான்?"

திரையில் கிடந்த செருப்பைப் பார்த்தேன்.

"தம்பி," என்றேன்.

இயக்குநர் தொடையில் தட்டினார். "வழுக்குது தம்பி! பிரமாதம். பக்கத்துல இருக்கிறவன எச்சரிக்கிறான். தியேட்டர்ல கண்ணு கலங்கிடும்."

ஒரு வார்த்தைக்காக ஆள் தேடுவானேன், மாதிரிக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள் என்று என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். மறுக்க ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்தக் காரணத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஹெட்போனில் அவர் குரல் வந்தது. வழுக்குது. சிவப்பு விளக்கு எரிந்தது. தம்பி என்றேன்.

ஒலிப்பதிவாளர் இரண்டையும் ஒட்டி ஓடவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அப்படியே அவரு குரல் சார். எங்க ஒட்டினேன்னு எனக்கே தெரியல."

எங்கள் அம்மாவுக்கும் தெரியாது. போனில் யார் பேசினாலும், பெரியவனா சின்னவனா என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவாள். இப்போதெல்லாம் கேட்பதில்லை.

படப்பிடிப்புக்கு முந்தின வாரம் நான்தான் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அங்க வந்து எல்லார் முன்னாடியும் தம்பின்னு கூப்பிட்டு என் மானத்த வாங்கிடாதண்ணே. சார்னு சொன்னாப் போதும்."

சரி என்றார். கால் வழுக்கியபோதும் அதை மறக்கவில்லை.