கண்ணாடியில் உலரும் தொப்பி

காலை ஆறு மணி வெயில் நர்ஸ் விடுதியின் ஜன்னலில் விழுகிறது. கஞ்சியில் நனைத்துக் கண்ணாடியில் மட்டமாக ஒட்டி வைத்த வெள்ளைத் தொப்பித் துணிகள் தாள்போல விறைத்துக்கொண்டிருக்கின்றன. பயிற்சி முடித்தவர்களுக்கு இன்று மேட்ரன் தன் கையால் தொப்பி சூட்டுவார். குளித்த தலையோடு நிற்கும் ஒருத்தி தன் துணியின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்க்கிறாள். இன்னும் ஈரம். "அவசரப்பட்டா கிழியும்டி. பரீட்சைல பாஸாயிட்டு தொப்பில ஃபெயிலாகாத," என்கிறாள் அறைத்தோழி. அறையே சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள், ஆனால் கண் வாசல் கேட்டிலேயே இருக்கிறது. நர்ஸ் வேலை வேண்டாமென்று, அவள் பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து பேசாத அப்பா, இன்றைக்கு வருவதாகத் தங்கையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவளுக்கு உட்கார முடியவில்லை. வாயால் ஊதுகிறாள், விசிறுகிறாள். வெயில் கடைசி ஓரத்தையும் தொட்டதும் துணி சரசரவென்று உரிந்து முழுதாகக் கையில் வருகிறது. அதே நேரம் கேட் கிறீச்சிடுகிறது. துணியை உயர்த்திப் பிடித்தபடி படியிறங்கி ஓடுகிறாள். அப்பாதான். ஒரு காலை லேசாக ஊன்றி நிற்கிறார். மகளையும் அந்த வெள்ளைத் துணியையும் மாறிமாறிப் பார்க்கிறார். பிறகு செருப்பைக் கழற்றி, கந்தல் சுற்றிய பாதத்தை முன்னால் நீட்டுகிறார்.

"நர்ஸம்மா, வீட்ல யாருக்கும் இதக் காட்டல. நீங்க கொஞ்சம் பாக்குறீங்களா?"