மாவில் ஒரு சிலுவை

செலின் சப்பாத்தி மாவைப் பிசைந்து உருட்டி வைத்தாள். கத்தியை எடுத்தாள்.

மேலே ஒரு சிலுவைக் கீறல். பிறகு நான்கு பாகத்திலும் கத்தி முனையால் ஒவ்வொரு குத்து.

கை தன்பாட்டுக்குச் செய்தது. நினைத்திருந்தால் செய்திருக்க மாட்டாள்.

நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் யூனா நின்றிருந்தார். குளித்த தலையில் துண்டு. கண் மாவின் மேல்.

யூனா அயர்லாந்திலிருந்து வந்தவர். எழுபதைத் தாண்டியவர். ரயில் ஓட்ட இந்தியாவுக்கு வந்த தன் பூட்டன் மார்ட்டின் கீனனின் கல்லறையை ஜோலார்பேட்டையில் தேடிக்கொண்டிருந்தார். செலின் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள் என்று பங்குச் சாமியார்தான் அவரை இந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

மார்ட்டின் கீனன் யாரென்று சாமியாருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அவளுக்கும் அவர்தான் பூட்டன்.

வந்த அன்றே சொல்லியிருப்பாள். வாயைத் திறப்பதற்குள் யூனா தன் கதையைச் சொல்லிவிட்டார்.

இந்தியா வந்த முதல் மழைக்காலத்திலேயே மார்ட்டின் காலராவில் போய்விட்டதாக ஊருக்குத் தகவல் வந்ததாம். அங்கே கைக்குழந்தையோடு மனைவி நோரா. மறுமணம் செய்துகொள்ளவில்லை. சாகும்வரை கறுப்புதான் உடுத்தினாளாம். கல்லறைத் திருநாள் தோறும் சாப்பாட்டு மேசையில் கணவனுக்கு ஒரு தட்டு வைப்பாளாம்.

காலராவாம்.

அந்தத் திருநாள்களில் எல்லாம் மனிதர் இங்கே அவளுடைய பூட்டி சவரியம்மாள் கையால் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓட்டி வரும் எஞ்சின் ஊதினால் சவரியம்மாள் குழம்பைச் சூடு பண்ணுவாள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். ஐந்து பிள்ளைகள். பேரப்பிள்ளைகளையும் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் போனார்.

அவளுக்குக் கோபம் வந்தது. பார்த்தேயிராத ஒரு மனிதர் மேல், அவர் செத்து இத்தனை காலம் கழித்து.

கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. உண்மையைச் சொன்னால் நோரா ஏமாளி ஆகிவிடுவாள். சவரியம்மாள் என்ன ஆவாள்? அந்தச் சொல்லை அவள் மனத்துக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. சவரியம்மாளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஒருவேளை தெரிந்தேயிருந்தால் என்பதையும் யோசிக்கப் பிடிக்கவில்லை.

ஆகவே பேசாமல் இருந்துவிட்டாள்.

இருவருமாகக் கல்லறைத் தோட்டம் முழுக்க நடந்தார்கள். முள்ளை விலக்கினார்கள். பாசியைச் சுரண்டினார்கள். இங்கிலீஷ் எழுத்து இருந்த கல்லையெல்லாம் யூனா குனிந்து குனிந்து படித்தார். களைத்தபோது தெற்குச் சுவரோரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அந்தக் கல்லில் இருந்தது தமிழ் எழுத்து.

யாருடையது என்று கேட்டார்.

எங்கள் குடும்பத்துடையது என்றாள். பொய் இல்லை.

கல்லில் இரண்டு பெயர். மார்ட்டின். சவரியம்மாள். பிள்ளைகள் வெட்டி வைத்தது.

இன்று மாலை யூனாவுக்கு ரயில். பேர் தெரியாமல் புதைத்த எத்தனையோ பேரில் ஒருவராக இருப்பார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். பெரிய சிலுவையின் அடியில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டார், ஊரில் நோராவின் கல்லறையில் தூவ. அந்த மண்ணுக்கென்றே ஒரு கறுப்புத் துணிப் பை கொண்டு வந்திருந்தார். நோராவின் பாவாடையில் வெட்டித் தைத்தது.

காலையில் அவளைக் கட்டிக்கொண்டு, கூட நடந்ததே பெரிய உதவி என்றார். அவளுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ரயிலுக்குத்தான் இந்தச் சப்பாத்தி.

சிலுவையும் நான்கு குத்தும் அவள் அம்மாவிடம் பார்த்தது. அம்மா தன் அப்பாவிடம் பார்த்தது. அக்கம்பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. கல்யாணமான புதிதில் கணவர் சந்தியாகு விடாமல் கேலி செய்வார்.

"ஆஸ்பத்திரில குத்துறது பத்தலையா செலின்? மாவுக்கும் ஊசியா?"

எதற்குக் குத்துகிறோம் என்று அவளுக்கும் தெரியாது. அந்த வீட்டு மாவு அப்படித்தான்.

யூனா கிட்டே வந்தார். துண்டு தோளில் நழுவியது. முதல் குத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு அடுத்தது. "என் அம்மாவின் ரொட்டியிலும் இதேதான்" என்றார். நான்காவதில் விரல் நின்றது.

அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியை, காதை, மறுபடி நெற்றியை. இத்தனை நாள் கூட இருந்தும் இப்போதுதான் பார்க்கிறார்.

"எத்தனை வயது வரை இருந்தார்?"

அவள் மாவுக்கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"எழுபத்தொன்று."

யூனா முக்காலியில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தாள். அழவில்லை.

"அத்தனை தட்டு" என்றார், மெதுவாக.

பிறகு எழுந்து முன்னறைக்குப் போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கிளம்பிவிடுவார். இந்தக் கிழவி மேல் பிரியம் வந்துவிட்டிருந்தது. சொந்தம் என்பதால் மட்டும் இல்லை.

கொல்லைக் கதவு திறந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள்.

முருங்கையடியில் யூனா கறுப்புப் பையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மண் முழுக்கக் கொட்டும்வரை உதறினார். பையின் உட்புறத்தை வெளியே திருப்பி இன்னொரு முறை உதறினார்.

திரும்பி வந்து காலிப் பையை அவளிடம் நீட்டினார். காலில் செருப்பு மாட்டியிருந்தார்.

அவள் வாங்கவில்லை. சவரியம்மாளைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கல்லறைக்குக் கூட்டிப் போக இனி முடியாது.

"அங்கே அவர் தனியாக இல்லை" என்றாள்.

நீட்டிய கை அப்படியே இருந்தது.

அவள் மாவை ஈரத்துணியால் மூடிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.