காலையில் மட்டும் கொதிக்கும் லாரி

"இன்னிக்கும் லாரி கொதிச்சுதுன்னா டிரைவர் பெரியமுத்துவுக்கு வேலை போச்சு. எஸ்டேட் தொரைக்கு ரிப்போர்ட்டே எழுதி வெச்சிட்டேன்" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார் சூப்பர்வைசர் சுவக்கீன்.

எழுபத்து மூணாம் வருஷத்துத் தை மாதப் பனி. சின்னக்கானலுக்கு மேலே, தேயிலைக் காட்டு வளைவில் அவரும் போடி மெக்கானிக் பொன்ராஜும் நின்றிருந்தார்கள். ஆள் ஏற்றிப் போகும் எஸ்டேட் லாரி தினமும் இந்த வளைவில்தான் கொதித்து நிற்கும்.

லாரிக்கு வயசு இருபது. ஆனால் சுவக்கீனைக் கேட்டால், கோளாறு வண்டியில் இல்லை, அதை ஓட்டுகிறவனிடம்.

"ரேடியேட்டர் கழுவியாச்சு, ஃபேன் பெல்ட் மாத்தியாச்சு, வாட்டர் பம்பும் புதுசு" என்று விரல் மடக்கினான் பொன்ராஜ். "நேத்து போடிமெட்டு ஏத்தம் முழுக்க நானே ஓட்டிக்கிட்டு வந்தேன். சூடு காட்டுற முள்ளு அசையலைங்கய்யா."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ ஓட்டினா கொதிக்கல, அவன் ஓட்டினா கொதிக்குது."

"மத்தியானம் உர மூட்டையோட இதே மேட்டுல அவருதானே ஏறுறாரு. அப்பக் கொதிக்கலியே?"

சுவக்கீன் குரலை உயர்த்தினார்.

"காலையில பொம்பளைங்களோட அரட்டை. தண்ணி ஊத்த மறந்துடுறான். எதுக்கும் ஒரு பொறுப்பு வேணும்ப்பா. எம் பொண்டாட்டி சிசிலியைப் பாரு. நான் இருட்டோட நடந்து மேல போயிடுறேன், சோறு பின்னாடி லாரியில வருது. ஒம்பது மணிக்குத் தொறந்தாலும் கை சுடும். அவ கட்டிக் கொடுக்கிற பக்குவம் அப்படி."

லாரி முனகிக்கொண்டு வந்தது. வளைவில் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது.

"பாத்தியா?" என்றார் சுவக்கீன், ஏதோ ஜெயித்தவர் மாதிரி.

பெரியமுத்து தண்ணீர் டின்னோடு குதித்தான். பொன்ராஜ் பானெட்டைத் திறக்கவில்லை. வண்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தான்.

"கிரில்லுக்குள்ள சாக்கு எதுக்குண்ணே?"

பெரியமுத்துவின் முகம் செத்துவிட்டது.

பொன்ராஜ் சாக்கை உருவினான். ரேடியேட்டரை ஒட்டி, விரல் நுழைய இடமில்லாமல், வரிசையாகச் சோற்று டப்பாக்கள்.

"கண்டுபிடிச்சாச்சுங்கய்யா. காத்துப் பட்டாத்தான் ரேடியேட்டர் ஆறும். டப்பா அதை அடைச்சிடுது. மத்தியானம் டப்பாவும் இல்ல, கொதிப்பும் இல்ல."

"நாலு மணிக்கு வடிச்ச சோறுங்கய்யா" என்றான் பெரியமுத்து. "மேல போறதுக்குள்ள வெறைச்சுப் போகுது. அந்தச் சூட்டுல வெச்சாத் திங்கிற மாதிரி இருக்குமேன்னு வெச்சேன். காத்தை அடைக்கும்னு சத்தியமாத் தோணலை."

"எஸ்டேட் லாரி உனக்கு அடுப்பா?" சுவக்கீன் ரிப்போர்ட்டையும் பேனாவையும் எடுத்தார். "பொன்ராஜ், டப்பாவுல வெட்டியிருக்கிற பேரை ஒவ்வொண்ணாப் படி. அத்தனை பேரையும் இதுல சேக்கிறேன்."

"மூக்கம்மாள்."

எழுதினார்.

"குருவம்மாள். சுருளியம்மாள்."

எழுதினார். லாரியின் மேலே இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இருதயம்மாள். பெரியம்மாள்."

கடைசி டப்பாவுக்குப் பொன்ராஜ் கையை நீட்டியதும் பெரியமுத்து குறுக்கே வந்தான்.

"அது வேண்டாம்ண்ணே. அது என்னோடதுதான். என் பேரை எழுதிக்கச் சொல்லுங்க."

அதற்குள் பொன்ராஜ் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டான். அப்படியே சுவக்கீனிடம் நீட்டினான்.

வாங்கிய கை சுட்டது. மூடியில் அவர் பேர்தான் இருந்தது. கல்யாணத்துக்கு மாமனார் வெட்டிக் கொடுத்த எழுத்து.

"சிசிலி அம்மாதான் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க" என்றான் பெரியமுத்து, மெதுவாக.

சுவக்கீனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, ஏனோ சிரிப்பும் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் லாரியில் இருந்தவர்களுக்கு உயிர் வந்தது.

"பொன்ராஜ், இஞ்சினும் கொதிக்கக் கூடாது, சோறும் ஆறக் கூடாது. வண்டியில வேற இடம் இருக்கா?"

"சைலன்சர் குழாய்கிட்டக் கம்பிக்கூடை ஒண்ணு கட்டிடலாங்கய்யா. எத்தனை டப்பாவுக்கு?"

சுவக்கீன் ரிப்போர்ட்டில் எழுதிய பேர்களை எண்ணினார். கடைசியில் தன் பேரையும் எழுதிக்கொண்டார்.

"ஆறு" என்றவர், எதையோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஏம்ப்பா பெரியமுத்து, உன் டப்பா எங்க?"

"இதுக்கே இடம் சரியாப் போச்சுங்கய்யா. என்னுது சீட்டுக்கு அடியில கெடக்கு. பச்சத் தண்ணி மாதிரி இருக்கும், பழகிருச்சு."

சுவக்கீன் பேனாவை மறுபடி திறந்தார்.

"ஏழு டப்பாவுக்குக் கட்டு, பொன்ராஜ்."