கவச எண் இரண்டு

அப்பா நீட்டிய தாளில், கவசம் என்ற கட்டத்துக்குள் 2 என்று எழுதியிருந்தது. அடியில் இரண்டு கோடு வேறு.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

எங்கள் விளையாட்டில் நான் கதை சொல்வேன், ஆடுகிறவர்கள் தாளில் ஆளுக்கொரு வீரனை எழுதிக்கொண்டு அதற்குள் இறங்குவார்கள். அந்த வீரனின் கவச எண் ஏற ஏறத்தான் பாதுகாப்பு. எதிரிக்காக நான் இருபது முகப் பகடையை உருட்டுவேன். விழும் எண் கவச எண்ணைத் தொட்டாலே போதும், அடி பட்டுவிடும். பட்டால் முழு அடிதான். கவசம் அதில் ஒரு துளியும் குறைக்காது. மேலே துணிகூட இல்லாமல் நிற்பவனுக்கே பத்து. அப்பாவுக்கு வெறும் இரண்டாம்!

ஜெயநகரில் ஒரு காபிக் கடை மாடியில் இந்த ஆட்டத்தை நடத்துவதுதான் என் பிழைப்பு. நல்ல ஐடி வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தேன். "தாயக்கட்டை உருட்டறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று கேட்டதோடு அப்பா என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒன்றரை வருஷம் ஆகிறது. விதான சௌதா செக்ரடேரியட்டில் முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் பார்த்த மனுஷன், பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்.

இன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மல்லேஸ்வரத்திலிருந்து மெட்ரோ பிடித்து வந்து, மற்றவர்களைப் போலவே டிக்கெட் எடுத்து, என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

என் மேசையில் ஒரு விதி உண்டு. யாருடைய வீரன் செத்தாலும் அவர் எழுந்து போய்விட வேண்டும். முதல் சண்டையிலேயே அப்பாவை அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தேன். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா?

குகை வாசலில் ஒரு பூதத்தை நிறுத்தினேன். அது நேரே அப்பாவின் வீரனிடம் போயிற்று. ஓர் அடி பட்டால் அவன் காலி.

வாராவாரம் ஆட வருகிற தேஜஸுக்கும் அனுஷாவுக்கும் புரிந்துவிட்டது. அனுஷாவுக்கு மனசு கேட்கவில்லை. "அங்கிள், அந்த ரெண்டு வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. இருக்கறதுலயே அதான் ஒசத்தி" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தத் தடுப்பு அட்டைக்குப் பின்னாடி மறைச்சு உருட்டாதே, சுப்ரியா. எல்லார் முன்னாடியும் உருட்டு. பர்லி பிடு, வரட்டும்."

சொல்லிக்கொண்டே துணிப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அனுஷாவுக்குப் பிரித்துக் காட்டினார். அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாம். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு, நடுநடுவே சீட்டு.

இதே ஆட்டத்தின் நாற்பது வருஷத்துக்கு முந்தைய விதிப் புத்தகம் அது. அதில் கணக்கு தலைகீழ். கவசம் பலமாக ஆக, எண் இறங்கும். வெறும் உடம்புக்குப் பத்து. தலையிலிருந்து கால்வரை இரும்பும் கையில் கேடயமும் இருந்தால் இரண்டு. அடி படப் பகடையில் என்ன விழ வேண்டும் என்கிற அந்த அட்டவணை ஒரு தரம் படித்தால் ஏறாது. எனக்கே மூன்று நாள் பிடித்தது. இந்த மனுஷன் தனியாக உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறார்.

புத்தகத்துக்குப் பிரவுன் காகிதத்தில் அட்டை போட்டிருந்தார். அட்டையில் லேபிள். ஃபைலுக்கு எழுதுகிற அதே குண்டு குண்டான கையெழுத்து.

விஷயம்: சுப்ரியாவின் உத்தியோகம்.

பாழாய்ப்போன கண் கலங்கிவிட்டது. அவர்மேல் இன்னும் கோபம்தான். ஆனால் அதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பகடையை மேசை நடுவில் உருட்டினேன். பதினான்கு.

என் விதிப்படி அப்பா செத்தார். அவர் புத்தகப்படி, பதினெட்டு விழுந்தால்தான் அந்தப் பூதம் அவரைத் தொட முடியும்.

தேஜஸும் அனுஷாவும் என் முகத்தையே பார்த்தார்கள். அப்பா பகடையைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"படலை" என்றேன்.

தேஜஸ் சும்மா இருக்கிற ஆள் இல்லை. போன வாரம் ஒரே ஓர் எண்ணுக்காக அரை மணி நேரம் என்னோடு மல்லுக்கு நின்றவன். வாயைத் திறக்கப்போகிறான் என்று எனக்குப் பக்கென்றது.

அவன் ரப்பரை எடுத்தான். தன் தாளில் கவசக் கட்டத்திலிருந்த பதினான்கை அழித்துவிட்டு, அப்பாவின் புத்தகக் கணக்குப்படி ஆறு என்று எழுதினான். ரப்பரை அனுஷாவிடம் தள்ளினான். அவள் தன் பதினெட்டை அழித்தாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "அட, உனக்கும் ரெண்டா?"

"உங்களைப் பாத்துதான் அங்கிள்" என்றாள் அனுஷா.

அவருக்கு ஒரே பெருமை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரலாமோ?"

பகடையை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன்.

"பூதம் இன்னும் நிக்கறது. மொதல்ல அதை அடிங்கோப்பா."