சுவரில் மாட்டிய வாரிசு

பேராசிரியர் தன் வாரிசின் படத்தை மாட்டுவதற்காக ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அறை அந்த நிமிடம் வரை மாமியாருடையது. அவர் பெட்டியை மூடிவிட்டு, மகன் வீட்டுக்குப் போக ஆட்டோவை எதிர்பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

சட்டத்துக்குள் ஒரு வட்டத் தட்டு. அதில் மோர் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

“பாக்டீரியாவைப் போய் யாராவது படுக்கிற ரூம்ல மாட்டுவாங்களா?” என்றாள் மனைவி. அவள் நர்ஸ்.

“பாக்டீரியா இல்லடி, நான்! என் ரத்தத்துலேருந்து ஒரு மரபணுவை எடுத்து, பிளாஸ்மிட்னு வளையம் மாதிரி ஒரு டி.என்.ஏ., அதுல ஒட்டி பாக்டீரியாவுக்குள்ள அனுப்பிட்டோம். இப்ப அதுங்க மனுஷப் புரதத்தைத் தயாரிச்சுத் தள்ளுதுங்க. செல்லுக்கு வெளிய யாராவது தட்டினா, உள்ள சேதி சொல்ற புரதம்.”

“காலிங் பெல்லா மாப்பிள்ளை?” என்றார் மாமியார்.

பேராசிரியர் இன்னொரு அடி பலமாக அடித்தார். “அதுலயும் என்னோட மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மத்தவங்களுக்கு இருக்கிற மாதிரி இல்ல. அபூர்வம்! ஊர்ல இருக்கிற லேபெல்லாம் அனுப்பு அனுப்புன்னு கேக்குது. மூளை சும்மா வருமா? பரம்பரை.”

ரத்தம் கொடுத்தவர் யாரென்று ஆய்வுக் கட்டுரையில் எழுதக் கூடாது என்பது விதி. விதியை மதித்து, அவர் எல்லோரிடமும் வாயாலேயே சொல்லியிருந்தார்.

“உன் கையையும் சொல்லணும்” என்று மனைவி பக்கம் திரும்பினார். “லேப்ல எவனையும் நம்பாம உன்கிட்ட நீட்டினேன் பாரு. ரத்தத்தை லேபுக்கு எடுத்துட்டுப் போக வாசல்ல ஐஸ் பெட்டியோட ஆள் நிக்கிறான். கண்ணை மூடித் திறக்கிறேன், குழாய் நிறைஞ்சு கிடக்கு. குத்தினதே தெரியல!”

“படம் கோணலா இருக்கு” என்றாள் மனைவி.

பேராசிரியர் அதை நேராக்கிவிட்டுக் குரலைத் தணித்தார். “தப்பா நினைக்காதீங்க அத்தை. மச்சான் வீடு நல்ல காத்தோட்டம். எனக்கும் உக்காந்து யோசிக்க ஒரு இடம் வேணும். விஞ்ஞானத்துக்கு ரத்தமே குடுத்தவங்களுக்கு, இந்த வீட்ல ஒரு ரூம் குடுக்கக் கூடாதா?”

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

“குடுக்கணும். நியாயம்தானே” என்றார் மாமியார். எழுந்து பெட்டியைத் திறந்தார். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அலமாரியில் அடுக்கத் தொடங்கினார்.

“என்ன பண்றீங்க அத்தை?”

“ஊசியைப் பாத்ததுமே நீங்க மயங்கிட்டீங்க மாப்பிள்ளை, கையை நீட்டினது நான்.”