டம்ளர் சிவந்த காலை

"எச்சில் பண்ணிக் குடி" என்று அம்மாக்கள் பிள்ளைகளை அதட்டுகிற காலம் அது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருந்தால், வாய் வைத்ததும் அதைக் கண்டுபிடிக்கும் டம்ளரின் விளிம்பு சிவந்துவிடும். தன்ஷிகாவின் வீட்டில், அந்தக் கிருமி அவளைத் தொற்றாதபடி, கூடவே ஒரு கதவும் மூடிக்கொள்ளும். சின்ன வயதில் யாரும் கவனிக்காமல் விட்ட தொண்டை வலி, காய்ச்சலாகி அவளுடைய இதய வால்வைக் கெடுத்திருந்தது. இப்போது நெஞ்சுக்குள் டிக், டிக்கென்று அடிப்பது உலோக வால்வு. அந்த நெஞ்சில் காது வைத்துப் படுத்தால்தான் மகள் நறுமுகைக்குத் தூக்கம் வரும்.

அன்று காலை நறுமுகை பாலை அண்ணாந்து குடித்தாள். சட்டையெல்லாம் பால்.

"யாருடி இப்படிக் குடிக்கச் சொல்லிக்குடுத்தது?"

நறுமுகை இன்னொரு வாய் குடித்தாள். விழுங்கும்போது முகம் சுளித்தது.

"தொண்ட வலிக்குதா, தங்கம்?"

"சொல்ல மாட்டேன். கதவு சாத்திக்கும்."

"சொல்லலன்னா உனக்கும் அம்மா மாதிரி ஆயிடும்டா."

தன்ஷிகாவே டம்ளரை மகளின் உதட்டில் வைத்தாள். விளிம்பு சிவந்தது. அழுகிற பிள்ளையை நறுமுகையின் அப்பா உள்ளே தூக்கிப்போனார். மருந்து வேலை செய்யும்வரை திறக்காத கதவு நடுவே மூடிக்கொண்டது.

தன்ஷிகா கதவில் நெஞ்சை அழுத்திக்கொண்டு நின்றாள். "பாப்பா, கேக்குதா?"

பேச்சு கேட்கும், வால்வின் சத்தம் அந்தக் கதவைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரியும்.

அழுகை நின்றது. உள்ளிருந்து நறுமுகையின் கரகரத்த குரல் வந்தது.

"கேக்குதும்மா, நீ அழாத. டிக், டிக், டிக்..."