பூக்காத நாற்பது சாமந்தி

அண்ணி வீசிய மண்தொட்டி நாத்தனாரின் காலடியில் விழுந்து சிதறியது. நல்லவேளை, அதில் செடி இல்லை; வெறும் மண்தான்.

சோதனைக்கு வந்திருந்த அதிகாரி இரண்டடி பின்னால் நகர்ந்தார். புதுப் பூ ரகங்களைப் பார்த்துப் பதிவு செய்யும் வேலையில் இருபது வருஷம் ஓடிவிட்டது. குடும்பச் சண்டைக்கு நடுவில் இப்படி மாட்டிக்கொண்டதில்லை.

நிழல்வலைக்குக் கீழே நாற்பது சாமந்திச் செடிகள். ஒரே சீராகப் பூத்திருக்க வேண்டிய நாள். ஒன்றில்கூட மொட்டு இல்லை. இலையும் தண்டுமாகத் தளதளவென்று நின்றன.

"சாயங்காலமானா கருப்புத் துணி போட்டு மூடுனியா இல்லையா?" பண்ணைக்காரர் தங்கையைப் பார்த்து உறுமினார். "நீள ராத்திரி கிடைச்சாத்தான் சாமந்தி மொட்டு வைக்கும். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தினமும் மூடினேண்ணே. நீயே வந்து பாத்தியே."

"பாத்தேன். அப்புறம் ஏன் பூக்கலை?"

அவள் குனிந்து ஒரு செடியின் இலைகளை விலக்கிப் பார்த்தாள்.

ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு இன்னொரு பூவில் வைத்து, விதை எடுத்து, முளைத்ததில் ஆயிரத்தைக் கழித்து ஒன்றை வைத்துக்கொண்டு, பதினோரு வருஷத்தில் தங்கை கொண்டுவந்த ரகம். வெயிலில் வெளுக்காத சிவப்பு. விண்ணப்பத்தில் 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் மட்டும் அண்ணன் பெயர் இருந்தது. காலையில் அதைப் படித்தபோதே அதிகாரிக்கு உறுத்தியது; கேட்கவில்லை.

"போன வருஷம் பூத்தது சார். மூணு வாரம் டைம் குடுங்க" என்றார் பண்ணைக்காரர்.

"போன வருஷம் பூத்து இந்த வருஷம் பூக்கலைன்னா, குணம் நிலைக்கலைன்னுதான் நான் எழுத முடியும்" என்று சொல்லி, அதிகாரி விண்ணப்பத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை வைத்தார்.

அண்ணிக்கு அது போதுமானதாக இருந்தது. "கேட்டீங்களா? செடியில பூவைக் காணோம். பதினோரு வருஷமா உங்க காதுலதான் சுத்தியிருக்கா, உங்க அருமைத் தங்கச்சி."

"அண்ணி, வார்த்தையை அளந்து பேசுங்க."

"அளக்கறதுக்கு என்னடி இருக்கு? இவ கை வெச்ச செடி ஒண்ணுகூட இனி இங்க இருக்கக் கூடாதுங்க. இதுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுதிக் குடுத்து, குப்பையோட குப்பையா அனுப்புங்க. இல்லேன்னா நாளைக்குப் பண்ணையில பங்கு கேட்டு வாசல்ல நிப்பா."

பங்கு என்றதும் பண்ணைக்காரரின் முகம் மாறியது. "பேனாவைக் குடு" என்றார்.

அண்ணி நீட்டினாள். இலைச்சாறு பட்டுப் பட்டு வெடித்துப்போன விரல்கள். நாத்தனாரின் விரல்களும் அப்படித்தான் இருந்தன.

'இந்தச் செடிகள் மீதோ, இவற்றிலிருந்து வருபவை மீதோ எனக்கு எந்த உரிமையும் இல்லை' என்று மனைவி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். சாட்சிக் கையெழுத்து அதிகாரியுடையது. தங்கை காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதே" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்தார்.

அதிகாரிக்கு மனசே சரியில்லை. செடியின் உரிமை இப்போது அவளுடையது. புதிதாக விண்ணப்பித்தால் அடுத்த பருவத்தில் வந்து பார்ப்பேன் என்று ஆறுதலாகச் சொல்லலாம் என்று, வாசல் கேட்டருகே நின்ற வேனை நோக்கி நடந்தார்.

வேனின் மறுபக்கம் தங்கை செடிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். அண்ணியின் குரல் கேட்டது. அதில் இப்போது கோபம் துளியும் இல்லை.

"இன்னைக்காவது நான் நிம்மதியாத் தூங்குவேன், நடுராத்திரி எழுந்து துணிக்குள்ள லைட்டு போட வேண்டாம்."